அவர் உருக்கிய ஈயம்

மகளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதை முதலில் சொன்னது கீழ்வீட்டு அக்காதான். நான் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போகும் நாட்களில் குழந்தையை அவரிடம் விட்டுச் செல்வேன். யாழ்ப்பாணத்துக்காரர், இந்த வளைகுடா நகரத்தின் கராமா பகுதியில் எங்களுக்கு முன்பிருந்தே இருப்பவர். "பிள்ளை ஒண்டும் சாப்பிடுறாள் இல்லையம்மா, சிணுங்கிக்கொண்டே கிடக்கிறாள்" என்றார். பெற்றவள் எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். சீக்கிரமே வேலைக்குத் திரும்பியது தப்போ, தாய்ப்பாலை நிறுத்தியது தப்போ, ஏசியைக் கூட்டி வைக்கிறேனோ என்று வரிசையாக என்னையே சந்தேகப்பட்டேன். எனக்கு இது வழக்கம். பால் புட்டியைக் கொதிநீரில் போட்டு எடுத்த பிறகும், கொதித்ததா என்று மறுபடி அடுப்பைப் பற்றவைப்பவள் நான்.

பக்கத்து கிளினிக்கில் இருந்த டாக்டரம்மா சென்னைக்காரர். இரத்தம் குறைவாக இருக்கிறது என்று சொட்டு மருந்து கொடுத்தார். அது சரிவராததால் இன்னொரு இரத்தப் பரிசோதனை எழுதினார். முடிவு வந்த அன்று என்னையும் என் கணவரையும் உட்காரவைத்து, குழந்தையின் இரத்தத்தில் காரீயம், அதாவது ஈயம், இருக்கிறது என்றார். பெரியவர்கள் தாங்கிக்கொள்வதைப் பிஞ்சு உடம்பு தாங்காது. மூளை வளர்கிற வயது. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தியே ஆகவேண்டும், நின்றுவிட்டால் தானாக இறங்கும், நிற்காவிட்டால் ஏறும் என்றார். சுவரில் உரியும் பெயிண்ட், மலிவான பொம்மை, ஊரிலிருந்து வரும் மஞ்சள்தூள், கண் மை, உரைமருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மை என்றதும் நான் குழந்தையின் கண்ணைப் பார்த்தேன். என் கணவர் பக்கத்தில்தான் இருந்தார். குழந்தையின் காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

மை என் அம்மா அனுப்பியது. விளக்கெண்ணெய் தீபத்தின் புகையைத் தட்டில் பிடித்து, வெண்ணெயில் குழைத்து, சின்ன டப்பாவில் அடைத்து, லீவில் ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார். வசம்பும் சாதிக்காயும் மாசிக்காயும் அதே பொட்டலத்தில் வரும். எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு அவற்றை முதலில் தாய்ப்பாலிலும், அதை நிறுத்திய பிறகு வெந்நீரிலும் உரைத்து நாக்கில் தடவுவேன். எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன். மஞ்சள்தூளையும் மிளகாய்த்தூளையும் கூடக் கொட்டினேன். பிறகு அம்மாவுக்குப் போன் செய்து, என்னவெல்லாமோ கேட்டேன். தட்டு எந்தத் தட்டு, வெண்ணெய் எங்கே வாங்கியது, கடையில் வாங்கிய மையை எதுவும் கலந்தீர்களா என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை விசாரிக்கிற தோரணையில் கேட்டேன்.

"உனக்கும் அதத்தானடி வச்சேன்" என்றார் அம்மா. அதன் பின் பல வாரங்கள் வீடியோ காலில் பேத்தியைப் பார்ப்பதோடு சரி. என்னிடம் கேட்கவேண்டியதைக்கூட அப்பாவை விட்டுக் கேட்டார்.

அந்தப் போன் பேச்சு நடந்தபோது என் கணவர் சோபாவில் இருந்தார். கையில் போன். "விடு, வயசானவங்க, தெரியாம செஞ்சிருப்பாங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலுக்காக அன்று நான் அவரிடம் நன்றியாக இருந்தேன்.

அவருக்கு ஜெபல் அலி துறைமுகத்தில் ஒரு கிடங்கில் தரக்கட்டுப்பாட்டு வேலை. ஷிப்ட் என்பதால் வார விடுமுறை எனக்கு ஒரு நாள், அவருக்கு வேறு நாள். அவருடைய விடுமுறையில் குழந்தையை அவரே பார்த்துக்கொள்வார். அதை நான் என் தோழிகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். சாப்பாடான பிறகு அவர் பார்க்கும் வீடியோக்களைப் பற்றி மட்டும் சிரித்துக்கொண்டே குறைபடுவேன். எல்லாம் துப்பாக்கி வீடியோ. அமெரிக்காவில் யாரோ கார் ஷெட்டில் உட்கார்ந்து தோட்டாவைத் தாங்களே செய்கிறார்கள். என் மாமனாருக்குப் புதுக்கோட்டைப் பக்கம் ரைஸ் மில். அதற்காக லைசென்ஸோடு ஒரு கைத்துப்பாக்கி வைத்திருக்கிறார், உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற அளவு. சட்டைப்பையில் போடுகிற துப்பாக்கி என்பார்கள். அதன் தோட்டாவில் இருக்கும் குண்டு ரொம்ப லேசாம். வேட்டியைத் தாண்டிப் போகுமா என்றே சந்தேகம் என்று மாமனாரை அவருடைய சிநேகிதர்கள் கேலி செய்வார்களாம். கனமான குண்டை வைத்தால் வேகம் குறையும், ஆனால் ஆழமாக இறங்கும். அளவு தப்பினால் துப்பாக்கியே கையில் வெடிக்கும். இதெல்லாம் என் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு நாள் பயந்துபோய், இந்த ஊரில் இதெல்லாம் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"பாக்கறதுதாம்மா. இங்க துப்பாக்கியா இருக்கு?" என்றார்.

அது உண்மைதான். துப்பாக்கி இல்லை.

மையும் மருந்தும் போன பிறகு எடுத்த பரிசோதனையில் காரீயம் கூடியிருந்தது. டாக்டரம்மா என்னைத்தான் பார்த்தார். வேறு எதையாவது மறைக்கிறேனா என்று நினைக்கிறார் போல எனக்குத் தோன்றியது. பொம்மைகளை எறிந்தேன். தொட்டில் கம்பியைச் சுரண்டிப் பார்த்தேன். கீழ்வீட்டு அக்காவின் பாத்திரங்களைப் பற்றிக்கூடக் கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கினாலும், எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்துக் காட்டினார். சாப்பிட மறுத்து வாயை இறுக்கிக்கொள்ளும் மகளைப் பார்க்கும்போதெல்லாம், இவள் நாளைக்கு எழுத்தை மறப்பாளோ, பேச்சு தாமதமாகுமோ என்று பயப்படுவேன். என் கணவரிடம் கேட்டால், "சரியாயிடும், இந்த டாக்டருங்க இப்படித்தான் பயமுறுத்துவாங்க" என்பார்.

பிறகு மழை வந்தது. இங்கே மழை என்றால் ரோடே குளமாகிவிடும். பள்ளிக்கூடத்தை முற்பகலிலேயே விட்டுவிட்டார்கள். அன்று அவருக்கு விடுமுறை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்து கதவைத் திறந்தேன். வீட்டுக்குள் ஒரு வாடை. காய்ந்துபோன வாணலியின் வாடை இல்லை, மருந்தின் வாடையும் இல்லை. மழைச்சாரலுக்காகப் பால்கனிக் கதவையும் ஜன்னலையும் சாத்தியிருந்தார்.

அடுப்பில் ஒரு சின்ன இரும்புச் சட்டி. அதற்குள் பாதரசம் மாதிரி பளபளவென்று ஏதோ நின்றது. மேடையில் இடுக்கி மாதிரி ஒரு அச்சு. நகைக்கடைத் தராசு போல ஒரு குட்டித் தராசு. சமையல் துண்டின்மேல், ஆறுவதற்காகப் பரப்பியிருந்த குண்டுகள். புளியங்கொட்டை அளவுகூட இல்லை. மகள் ஹாலில், வாக்கருக்குள் நின்று, சமையலறையைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

என்ன இது என்று கேட்டேனா என்பது எனக்கு நினைவில்லை. கேட்டிருக்கவேண்டும். ஏனென்றால் அவர் பதில் சொன்னார். ஊருக்குப் போகும்போது அப்பாவுக்காகக் கொண்டுபோகலாம் என்று பல மாதமாக விடுமுறை நாட்களில் செய்கிறார். கடையில் கிடைக்கிற குண்டு லேசு. வெடிமருந்து ஒன்றும் இங்கே இல்லை, வெறும் ஈயம்தான், தூண்டிலில் கட்டுகிற ஈயம், மீன்பிடி சாமான் கடையில் யாரும் வாங்கலாம். இந்தச் சாமான்களைக் காரின் டிக்கியில் வைத்திருப்பாராம். பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்:

"டாக்டர் சொன்னதுலேர்ந்து நான் அவள கிச்சனுக்குள்ள விடறதே இல்லம்மா. ஹால்லதான் வச்சுக்கறேன்."

வேறு என்ன சொல்லியிருந்தாலும் நான் அவருக்காக ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பேன். தெரியாமல் செய்தார் என்றாவது நினைத்திருப்பேன். டாக்டர் சொன்னதிலிருந்து என்றார். அப்படியென்றால் காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்த அன்றே அவருக்குத் தெரியும். நான் மையைக் கொட்டியபோது தெரியும். அம்மாவை விசாரித்தபோது, சோபாவில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவருக்குத் தெரியும்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போனேன். அக்கா எதுவும் கேட்காமல் துவாய் கொண்டுவந்து என் தலையைத் துடைத்துவிட்டார். அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் செய்து, மை காரணமில்லை என்றேன். அப்புறம் எது என்று அம்மா கேட்டார். சொன்னேன். மாப்பிள்ளையைத் திட்டுவார் என்று நினைத்தேன். "பிள்ளை சாப்பிட்டாளா?" என்று மட்டும் கேட்டார்.

என் கணவர் அன்றே எல்லாவற்றையும் கொண்டுபோய் எங்கோ போட்டுவிட்டு வந்தார். வீடு முழுவதையும் ஈரத்துணியால் துடைத்தோம், ஆளுக்கொரு அறையாக. அடுத்த நாள் அவர் என் முன்னால் உட்கார்ந்து, டாக்டரிடம் மட்டும் சொல்லவேண்டாம் என்று கெஞ்சினார். இந்த நாட்டில் குண்டு என்ற வார்த்தை வெளியே போனால் ஜெயில், அப்புறம் விசா கேன்சல். என்னுடைய விசாவும் குழந்தையுடையதும் அவருடையதில்தான் தொங்குகிறது. "காரணத்தைத்தான் நிறுத்தியாச்சே, இனி அவங்களுக்கு எதுக்குத் தெரியணும்? வேணும்னா தூண்டில் ஈயம்னு சொல்லிக்கலாம். நீயே சொல்லிடு. நீ சொன்னா நம்புவாங்க" என்றார். கடைசி வார்த்தைதான் என்னை அதிகம் அறுத்தது. என்னை நம்புவார்கள் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

சொல்வதா வேண்டாமா என்று, அவரோடு கிளினிக் போய்ச் சேரும் வரைக்கும் மாற்றி மாற்றி நினைத்தேன். அவர் வேலை போனால் எல்லாரும் ஊருக்குப் போகவேண்டும். மருத்துவம்? மறைத்தால், எவ்வளவு காலம், எந்த மாதிரி என்று தெரியாமல் டாக்டர் எப்படிப் பார்ப்பார்?

டாக்டரம்மா குழந்தையின் எடையைப் பார்த்தார். இரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு, ஏதாவது பிடிபட்டதா என்று கேட்டார். நான் சொன்னேன்: இவர் வீட்டுக்குள்ளே அடுப்பில் வைத்து ஈயம் உருக்கியிருக்கிறார், பல மாதமாக, விடுமுறை நாட்களில். எதற்கு என்று நான் சொல்லவில்லை. டாக்டரம்மாவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பேனாவை வைத்துவிட்டு வேறொன்று கேட்டார்.

"உருக்கறப்போ குழந்தைகூட யார் இருந்தீங்க?"

என் கணவர் முந்திக்கொண்டார். "நாங்க ரெண்டு பேரும்தான் டாக்டர்" என்றார்.

ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். கேட்பவருக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியாது. நானும் ஒரு நொடி யோசித்தேன். இருந்தேனோ, பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டு, வாடையைக் கவனிக்காமல் இருந்தேனோ என்று. என் மனசு அப்படிப் பழகியிருந்தது.

"நான் இல்ல டாக்டர்" என்றேன். "நான் ஸ்கூல்ல இருந்தேன். இவர் மட்டும்தான் இருந்தார்."

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் மகளின் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு வந்த முடிவுகளில் ஈயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இப்போது தட்டை அவளே இழுத்துவைத்துச் சாப்பிடுகிறாள். அவருடைய விடுமுறை நாட்களிலும் அவளைக் கீழ்வீட்டில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்.