பத்தே முக்காலுக்குக் கேமரா பார்த்த இடம்

செயலாளர் அவர்களே, நீங்கள் பொய் சொன்னீர்கள். அந்தச் சனிக்கிழமை கேமரா ரிப்பேர் என்று போலீசிடம் சொன்னீர்கள். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் அதையே போட்டீர்கள். கேமரா நன்றாகத்தான் வேலை செய்தது. அதை மாட்டியவன் நான். ரிப்பேர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவனும் நான். ஆக, நானும் பொய் சொன்னேன். என் பொய்யை இங்கே திரும்பப் பெறுகிறேன். உங்கள் பொய்யை நீங்கள்தான் திரும்பப் பெற வேண்டும்.

நடந்தது தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

தி.நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் என் அலுவலகம். இருபது வருடமாகக் கேமரா மாட்டிப் பிழைக்கிறேன். நகைக்கடை, கல்யாண மண்டபம், தேனாம்பேட்டை ஆபீஸ் கட்டிடங்கள் என்று போகாத இடம் இல்லை. போன வருடம் ஆடி மாதம் கோட்டூர்புரத்தில், ஆற்றை ஒட்டிய ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து கூப்பிட்டார்கள். வாசலில், வெளியே, சுழலும் கேமரா வேண்டும். இடம் வலம் திரும்பும், மேலே கீழே பார்க்கும், தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும். பெரிய தொழிற்சாலைகளில், துறைமுகத்தில் வைக்கிற ரகம். நூறு வீட்டுக்கு இது எதற்கு என்று அப்போதே எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

சுழலும் கேமராவைப் பற்றி வாங்குகிறவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. நான் எல்லாரிடமும் சொல்வேன். அது ஒரு நேரத்தில் ஒரு இடத்தைத்தான் பார்க்கும். அங்கே பார்க்கிற நேரத்தில் மற்ற எல்லா இடத்துக்கும் அது குருடு. செயலாளரிடமும் சொன்னேன். அவர் ஓய்வு பெற்ற இன்ஜினீயர். சுத்தமாகச் சவரம் செய்த முகம், கையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு. தலையாட்டி எழுதிக்கொண்டார்.

அதனால்தான், பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று இரண்டு கேமராக்களைக் கொண்டுபோனேன். ஒன்று இரட்டைக் கண் உள்ளது. மேல் கண் சுழலும். கீழ்க் கண் அசையாமல் வாசல் முழுவதையும் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆனால் தூரத்தை இழுப்பதில் கொஞ்சம் மட்டம். இன்னொன்றுக்கு ஒரே கண். நாற்பது மடங்கு இழுக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவன் பல் குச்சியால் பல் குத்தினால் குச்சி தெரியும். கம்பத்தில் மாட்டினால் ஆடிக் காற்றில் படம் ஆடும் என்று இரண்டையும் வாசலுக்கு மேலே சுவர் மூலையில் கட்டினேன்.

ஏணியில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த அம்மா வந்தார். பாலவாக்கம் குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, அந்த வாசல் ஓரம் கூடையை இறக்கி மீன் விற்பவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

"இன்னா நைனா, மேல ஏறிக்கினு இன்னா பண்ற?"

"கேமரா மாட்றேன்க்கா."

"எதுக்கு? என் வஞ்சிரத்த எவன் தூக்கினு ஓடப் போறான்? நாலு நாளா அத்த வாங்கவே ஆள் இல்ல."

காவலாளி சிரித்தார். "உன்னத்தான் படம் புடிக்கப் போறாங்கோ. பவுடர் போட்டுக்கினு வா."

"பவுடரு போட்டா மீனு நாத்தம் போய்டுமா? போடா டேய்."

எங்கள் தொழிலில் கேமராவின் சக்தியைக் காட்ட ஒரு வழக்கம் உண்டு. தெருவில் போகிற யாராவது ஒருவரைப் பிடித்து, முகத்தை இழுத்துக் காட்டுவோம். அவரிடம் கேட்பதில்லை. அன்று நான் பிடித்தது அந்த அம்மாவின் முகத்தை. அவர் கூடையோடு தெருக்கோடிக்குப் போய்விட்டிருந்தார். ஒற்றைக் கண் கேமரா அங்கே போய் அவரை இழுத்துக்கொண்டு வந்தது. புருவத்தில் ஒட்டியிருந்த மீன் செதில் தெரிந்தது. மூக்குத்தியில் ஒரு கல் விழுந்திருந்தது தெரிந்தது. செயலாளர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து, "அடேங்கப்பா" என்றார்.

பிறகு, "அந்தப் பக்கம் திருப்புங்க" என்றார்.

அந்தப் பக்கம் என்றால் ஆற்றோரம். அங்கே இருந்த வீடுகளில் பாதியை இடித்து ஜனங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். மிச்சம் இரண்டு வரிசை இருக்கிறது. நீல தார்ப்பாய், துணிக்கொடி, தண்ணீர் லாரி வந்து நிற்கிற இடம்.

"திருட்டு அங்கேருந்துதான் வருது. அங்க யார் வர்றா, யார் போறான்னு தெரியணும்" என்றார்.

"சார், வாசல்தான் முக்கியம். இரட்டைக் கண்ணே எடுத்துக்குங்க. நீங்க எந்தப் பக்கம் திருப்பினாலும் வாசலை ஒரு கண்ணு பாத்துக்கிட்டே இருக்கும்."

"வாசல்ல வாட்ச்மேன் இருக்கான். அவனுக்குக் கண்ணு இல்லையா?"

ஒற்றைக் கண்ணைத்தான் எடுத்தார். பரிந்துரைக் கடிதத்தில் நான் எழுதினேன்: இந்த இடத்துக்கு இதுவே பொருத்தமானது. பொருத்தம் இல்லை என்று தெரிந்தே எழுதினேன்.

இன்னொன்றும் செய்தேன். அல்லது, செய்யவில்லை. இந்தக் கேமராக்களில் ஒரு வசதி உண்டு. யாருடைய ஜன்னலாவது, மொட்டை மாடியாவது பார்வையில் விழுந்தால், அந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம் போட்டு மறைத்துவிடலாம். எங்கே மாட்டினாலும் முதல் நாளே போட்டுவிடுவேன். ஆற்றோரத்தில் ஒரு மறைப்பு இருந்தது. மூன்று பக்கம் தகரம், மேலே திறந்த வானம். பெண்கள் குளிக்கிற இடம். நாங்கள் மாட்டிய உயரத்திலிருந்து அது தெரியும். "கட்டம் போட்டுடறேன் சார்" என்றேன். "அதுக்குள்ளதான் எல்லாம் ஒளிச்சு வைக்கறாங்க, வேண்டாம்" என்றார். விட்டுவிட்டேன்.

புரட்டாசி முடிந்த முதல் சனிக்கிழமை. ஒரு மாதமாக மீன் வாங்காதவர்கள் எல்லாம் வாங்குகிற நாள். அந்த அம்மா இரண்டு கூடை கொண்டுவந்திருந்தார். காலை பத்தே முக்காலுக்குக் குடியிருப்புக்குள்ளிருந்து ரிவர்ஸில் வந்த ஒரு கார் அவரை இடித்தது. இடுப்பு எலும்பு முறிந்தது. காவலாளி தெருப்பக்கம் தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தார். அவர் ஓடி வருவதற்குள் கார் தெரு திரும்பிவிட்டது. குடியிருப்போர் குழுவில் செயலாளர் எழுதியது இது: மீன்காரி தன் மீன் தண்ணீரிலேயே வழுக்கி விழுந்துவிட்டார். இனி வாசலில் வியாபாரத்துக்கு அனுமதி இல்லை.

திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார். போலீஸ் பதிவைக் கேட்டிருக்கிறது. இரண்டு பேரும் கீழ்த்தள அறையில் உட்கார்ந்து பார்த்தோம். பத்து முப்பத்தெட்டு வரைக்கும் வாசல். அந்த அம்மா கூடையை இறக்கி, தலையில் இருந்த சும்மாட்டை எடுத்து முகம் துடைக்கிறார். பிறகு படம் திரும்புகிறது. சுவர், தென்னை மரம், நீல தார்ப்பாய், தகரம். அங்கே நின்று, மெல்லக் கிட்டே இழுக்கிறது. பதினோரு நிமிடம் அசையவில்லை. அதில் தெரிந்ததை நான் எழுத மாட்டேன். அந்தப் பெண்களுக்கு நான் செய்தது போதும்.

மறுபடி வாசலுக்கு வரும்போது கூட்டம். தரையில் மீன்.

செயலாளர் எழுந்து எனக்குப் பின்னால் போய் நின்றார். திரும்பி அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"தானா திரும்பியிருக்கு" என்றார்.

அது தானாகத் திரும்பவில்லை. யார் கையால் திரும்பியது என்று கருவியிலேயே பதிவாகும். என் எண், காவலாளி அறை, செயலாளரின் போன், இந்த மூன்றுக்குத்தான் அனுமதி. அன்று திருப்பியது அந்தப் போன். அந்த நாளுக்கு மட்டும் இல்லை, முப்பது நாளுக்கான குறிப்பையும் பார்த்தேன். தண்ணீர் லாரி வந்துபோன பிறகு, அநேகமாக தினமும், அதே போன், அதே இடம்.

"இதைக் கொண்டுபோய்க் குடுத்தா அசோசியேஷனுக்குக் கேவலம். கேமரா ரிப்பேர்னு ஒரு சர்வீஸ் ரிப்போர்ட் போட்டுக் குடுத்துடுங்க. பழைய பதிவையும் அழிச்சுடுங்க. பக்கத்து ரெண்டு பிளாக் வேலையும் உங்களுக்குத்தான்" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். எப்படிக் கொடுத்தாய் என்று கேட்டால் என்னிடம் நல்ல காரணம் எதுவும் இல்லை. வாசல்தான் படத்தில் இல்லையே, கொடுத்தாலும் அந்த அம்மாவுக்கு என்ன பயன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அழிப்பதற்கு முன்னால் ஒரு நகல் எடுப்பது என் பழக்கம். நாளைக்கு எவனாவது நீதான் அழித்தாய் என்று என் மேலேயே திருப்புவான். எடுத்தேன். மறுநாள் அலுவலகத்தில் நகல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கக் காதில் ஹெட்போன் மாட்டினேன்.

சத்தம் இருந்தது.

கேமரா மாட்டிய அன்று மைக்கைச் சோதிக்கக் காவலாளியை வாசலில் நின்று கத்தச் சொன்னேன். பிறகு மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். எங்கள் ஆட்கள் எல்லாருமே செய்கிற தப்பு. கீழ்த்தள அறைத் திரைக்கு ஸ்பீக்கர் இல்லை; செயலாளரின் போனிலும் படம் மட்டும்தான் வரும். அவருக்கு இது தெரியாது. கேமராவின் கண் ஆற்றோரத்தில் இருந்தது. காது வாசலுக்கு நேர் மேலே இருந்தது.

படத்தில் தகர மறைப்பு. காதில் ஒரு காரின் ரிவர்ஸ் மியூசிக், கீச்சுக் குரலில் ஒரு மெட்டு. உள்ளிருந்து கிட்டே வருகிறது. அந்த அம்மாவின் குரல்: "யோவ், நிறுத்து! பின்னால ஆளு கீது! நிறுத்துய்யா!" ஒரு மொத்தல். மெட்டு நிற்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பாடிவிட்டு நின்றது. கண்ணாடி இறங்குகிற சத்தம். யாரும் எதுவும் பேசவில்லை. கார் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த அம்மா முனகுவது மட்டும். படத்தில் ஒரு காக்கை தகரத்தின் மேல் வந்து உட்கார்ந்தது.

அன்றிலிருந்து அந்த மெட்டு என்னை விடவில்லை. தி.நகர் சந்துகளில் கார் ரிவர்ஸில் வராத நேரம் உண்டா? மெட்டைக் கேட்டதும் சுவரோடு ஒட்டிக்கொள்கிறேன். பகலில், நட்ட நடுத் தெருவில், எனக்குப் பின்னால் ஒரு பெண் குரல் நிறுத்து என்கிறது. கடைகளின் முகப்பில் இருக்கும் கேமராக்கள் நான் நடக்கும்போது கூடவே திரும்புகின்றன. அவை திரும்பாத ரகம். பாதியை மாட்டியதே நான்தான். எனக்குத் தெரியும். இருந்தாலும் திரும்புகின்றன. என் வீட்டுக் குளியலறை ஜன்னலை அட்டை வைத்து அடைத்துவிட்டேன். என் மனைவி, "மூச்சு முட்டுது, எதுக்கு அடைச்சீங்க?" என்று கேட்கிறாள்.

காவலாளியிடம் போய்ச் சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். மெட்டு வந்ததும் அவர் முகம் மாறியது. எந்தக் கார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"யாருது தலைவரே?"

"சார், எனக்கு வேல வேணும். நீ மட்டும் ரிப்பேர்னு எழுதிக் குடுப்ப, நான் மட்டும் உண்மைய சொல்லணுமா?"

சரியாகத்தான் கேட்டார்.

என் எண்ணிலிருந்தே கேமராவுக்குள் போய் ஆற்றோரத்தின் மேல் கறுப்புக் கட்டம் போட்டேன். மறுநாள் என் அனுமதி துண்டிக்கப்பட்டிருந்தது. கட்டம் இன்னும் இருக்கிறதா, எடுத்துவிட்டார்களா, தெரியாது. ஆற்றோரத்துக்கு ஒருநாள் போனேன். தகர மறைப்புக்கு மேலே பார்த்தேன். கேமராவின் வெள்ளை உருண்டை அங்கிருந்து தெரிகிறது. துணி அலசிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்து, "இன்னாய்யா, பொம்பளைங்க குளிக்கிற எடத்துல இன்னா பார்வ?" என்று அதட்டினாள். திரும்பி நடந்துவிட்டேன். மேலே பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். இதைப் படித்தாவது அவர்களுக்கு யாராவது சொல்லட்டும்.

பிறகு பாலவாக்கம் போனேன். அந்த அம்மா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். அடையாளம் தெரிந்தது அவருக்கு.

"கேமராக்காரு நைனாவா? வா. பவுடர் போடல, இன்னிக்குப் படம் புடிக்காத."

முதல் நாள் அவர் மூக்குத்தியை இழுத்துக் காட்டியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், கேமரா எங்கே பார்த்தது என்பதைத் தவிர. என் கையெழுத்தைப் பற்றியும் சொன்னேன். போனைக் கொடுத்தேன். படத்தை மறைத்துவிட்டு, சத்தத்தை மட்டும் கேட்கவைத்தேன். முழுக்கக் கேட்டார். தன் குரல் வந்தபோது கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இட்சிட்டுப் போனானா, நானா வுழுந்தேனான்னு எனக்குத் தெரியாதா நைனா? உனக்குத்தான் இப்போ தெரிஞ்சிது."

"நாளைக்கே போலீஸ்ல குடுத்துடறேன்க்கா."

"குடு. ஆனா அந்த வாசல்ல கீறவங்க முன்னால சொல்லணும். முப்பது வருசமா அங்க மீன் வித்திருக்கேன். எந்தக் கல்லுல தண்ணி நிக்கும், எந்தக் கல்லு வழுக்கும்னு எனக்குத் தெரியும். நான் என் தண்ணில வழுக்கி வுழுந்துட்டேன்னு அவுங்க பேசிக்கினு இருக்கக் கூடாது."

பிறகு கேட்டார்:

"அது சரி, அவ்ளோ தூரத்துல என் மூக்குத்தி தெரியற கேமராவாச்சே. நான் அதுக்கு நேர் கீழ கெடந்தேன். அப்போ அது எங்க பாத்துக்கினு இருந்துச்சி?"

பதில் என்னுடையது இல்லை.

நகலைப் போலீசில் கொடுத்துவிட்டேன். என் ரிப்போர்ட் பொய் என்று எழுதியும் கொடுத்துவிட்டேன். எனக்கு என்ன வந்தாலும் வரட்டும்.

செயலாளர் அவர்களே, உங்கள் பொதுக்குழுக் கூட்டம் வரப்போகிறது. நூறு வீட்டு ஆட்களும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து நான் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வருவேன். உள்ளே விடாவிட்டால் வாசலிலேயே இருப்போம். மைக்கைப் பிடித்து, அவருக்கும் கேட்கிற மாதிரி, எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள். அந்த மெட்டைப் பாடியது யாருடைய கார்? அன்று பத்தே முக்காலுக்கு உங்கள் கேமரா எங்கே பார்த்துக்கொண்டிருந்தது?