நீண்டுபோன டேப்போடு மூலனூருக்கு

காலை 6.40. திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில் நானும் என் மகன் பிரவீணும் காங்கேயம் பஸ் ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு 25 ரூபாய். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம்; வெளியூர் பஸ்ஸில் அந்தப் பருப்பு வேகாது. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் என்று மூன்று பஸ், ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். சிம்லாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள்தான் பயணக் கட்டுரை எழுத வேண்டுமா என்ன? வாரம் ஆறு நாள் பனியன் கம்பெனியில் நின்றுகொண்டே பீஸ்களை அளந்து சரிபார்க்கும் செக்கிங் வேலை பார்க்கிற எனக்கு, உட்கார்ந்தபடி எழுபது கிலோமீட்டர் போவதே பெரிய யாத்திரை.

மூலனூர் பக்கத்தில் என் அண்ணன் வீடு கட்டுகிறார். அவர் மகன் குமரேசன் ராணுவத்தில் இருக்கிறான். அவன் சம்பளத்தில்தான் வீடு எழும்புகிறது. அவன் லீவில் வந்திருக்கும்போதே வாசல் நிலை வைத்துவிடலாம் என்று நாள் குறித்திருந்தார்கள். முகூர்த்தம் பத்தரை மணி. ஞாயிறு ஒருநாள்தான் தூக்கம் என்று என் வீட்டுக்காரர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

பல்லடம் ரோடாக இருந்தால் என்ன, காங்கேயம் ரோடாக இருந்தால் என்ன, ஊர் தாண்டும்வரை எனக்கு ஜன்னலில் கம்பெனி போர்டுதான் தெரியும். அதனால் அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் மறைப்பானேன்? நான் ஒரு திருட்டுத்தனம் செய்திருந்தேன்.

பிரவீண் பி.காம். முடித்து இரண்டு மாதம் ஆகிறது. ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவனுக்கோ காலேஜ் நாளிலிருந்தே மிலிட்டரி யோசனை. விண்ணப்பிக்கக் கடைசி நாள் வருகிற புதன்கிழமை. அடுத்த முறைக்கு வயது தாண்டிவிடும். உயரம் 166 சென்டிமீட்டர் வேண்டும் என்று போட்டிருந்தது. மூன்று வாரம் முன்னால், "அம்மா, நீதான் செக்கிங் ஆளாச்சே, அளந்து பாரு" என்று சுவரோரம் நின்றான். மேஜை டிராயரில் கிடந்த டேப்பை எடுத்து அளந்தேன். 165. ஒரு சென்டிமீட்டர் குறைவு. அவன் போய்ப் படுத்துக்கொண்டான். நான் அன்று வெல்லம் போட்டுப் பாயசம் வைத்தேன்.

அந்த டேப் கம்பெனியிலிருந்து வந்தது. மாதம் ஒருமுறை எல்லா டேப்பையும் இரும்பு ஸ்கேல்மேல் விரித்துப் பார்ப்போம். இழுத்து இழுத்து நீண்டு போனது குறைத்துக் காட்டும். அதைக் கத்தரித்துக் குப்பையில் போட வேண்டும். ஜாக்கெட் தைக்க உதவுமே என்று ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அளந்த அன்று அது எனக்கு ஞாபகம் இல்லை, சத்தியமாக. மறுநாள் சந்தேகம் வந்து, கம்பெனிக்கு எடுத்துப்போய் ஸ்கேல்மேல் வைத்தேன். நூற்றைம்பதுக்கு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் நீண்டிருந்தது. பிரவீணுக்கு உயரம் இருக்கிறது! பதினேழு வருடத்தில் ஒரு பழுது பீஸைக்கூடப் பாஸ் பண்ணாதவள், டேப்பைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டு வாயை மூடிக்கொண்டேன்.

7.40. காங்கேயம். இட்லி நான்கு, 40 ரூபாய். வெள்ளகோவில் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் ஐந்து லிட்டர் தேங்காய் எண்ணெய் கேன்.

"பையன் என்னங்க பண்றாப்ல?"

"படிச்சு முடிச்சுட்டானுங்க. மிலிட்டரிக்குப் போலாம்னு இருந்தான். உசரம் பத்தலீங்க. டேப்புல நல்லாத்தான் அளந்தோமுங்க."

டேப்பைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதை.

"ஒத்தப் பையனுங்களா?"

"ஆமாங்க."

"அப்பச் சரி. சாமியே பாத்துத்தான் ஒரு இஞ்சு கொறைச்சிருக்குது போங்க" என்றார். கைப்பையின் ஜிப் மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

9.35. மூலனூர். முருங்கைக்காய்க் கட்டுகள் ரோட்டோரம் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. கிலோ 22 ரூபாய். திருப்பூரில் போன வாரம் நான் கொடுத்தது 60. திரும்பும்போது மூன்று கிலோ வாங்க முடிவு செய்தோம். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் ஆட்டோ, 80 ரூபாய்.

அண்ணி வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "இந்தக் குமரேசனக் கேளுங்க! வந்த நாள்ள இருந்து போர்வை, துண்டு, எம்பட சேலை, ஒண்ணுவிடாம பெட்டியாட்ட மடிச்சு வெக்கறான். எனக்குப் பிரிக்கவே மனசு வர்றதில்லீங்க." நான் போய்ப் பார்த்தேன். எங்கள் பேக்கிங் செக்‌ஷன் தோற்றது.

குமரேசன் வாயால் நாலு கஷ்டம் சொல்ல வைத்தால் என் மனசாட்சி கொஞ்சம் அடங்கும் என்று நினைத்தேன். "அங்க ரொம்பச் சிரமமா சாமி?"

"சிரமந்தானுங்கத்தை. குளுருல பல்லுத் தேய்க்கவே பயமாருக்கும். மொத ஆறு மாசம் தெனமும் அழுதேன்."

அப்பாடா என்று இருந்தது. அவன் நிறுத்தவில்லை. "ஆனா ஒண்ணுங்கத்தை, நானா கேட்டுப் போனது. யாரு மேலயும் கோவம் வந்ததில்லை."

10.30. மேளம் இல்லை, மாவிலையும் மஞ்சளும் சந்தனமும் இருந்தன. பெண்கள் பால் தெளித்தோம். ஆசாரி நிலையை நிறுத்தி, இரும்பு டேப்பை இழுத்து, உயரம் சரி பார்த்தார். அதோடு விட்டிருக்கலாம். குமரேசன் சும்மா இருப்பானா?

"மாப்ள, நீ வந்து நில்லு. தலை இடிக்குதான்னு பாப்போம்."

"எனக்கு எங்க மச்சான் இடிக்கறது? நூத்தி அறுபத்தஞ்சுதான, அம்மாவே டேப்புல அளந்துச்சு."

"இருக்காது. நீ என்னோட ஒசரம் இருக்கறே. ஆசாரிங்க, அந்த டேப்பச் சித்தக் குடுங்க."

முற்றின கத்தரிக்காய் சந்தைக்கு வந்துதானே ஆக வேண்டும். இங்கே நிலைவாசலுக்கு வந்தது.

"நூத்தி அறுபத்தேழு!"

எல்லோரும் சிரித்தார்கள். "ஏனுங்கத்தை, இந்த லட்சணத்துலயா எக்ஸ்போர்ட் போகுது?" என்றான் குமரேசன். "டேப்பு பழசு சாமி" என்றேன். பாதி உண்மை. பிரவீண் மட்டும் சிரிக்கவில்லை. சாப்பாட்டில் மூன்று பொரியல், பாயசம். எனக்கு அன்று பாயசம் இறங்கவில்லை.

பிற்பகல் 3.50. திரும்பவும் காங்கேயம். பஸ்ஸில் வந்த நேரமெல்லாம் பிரவீண் முருங்கைக்காய்க் கட்டைத் துப்பாக்கிபோலத் தோளில் சாய்த்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தான். டீ 15 ரூபாய். இரண்டு வாய் குடித்துவிட்டுக் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"கண்ணு, இது நீண்டு போன டேப்பு. அளந்த மறுநாளே எனக்குத் தெரியும். மூணு வாரமா மறைச்சுட்டேன்."

"ஏம்மா?"

"ஏன்னா? பயம்தான்! நீ ஒருத்தன்தான இருக்கறே எனக்கு."

கோபப்படுவான் என்று காத்திருந்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். "எனக்கும் அன்னைக்கு உள்ளுக்குள்ள நிம்மதியாத்தாம்மா இருந்துச்சு. பயமாருக்குன்னு யாருகிட்டயும் சொல்ல வேண்டாம் பாரு. உசரம் பத்தலைன்னு சொல்லிக்கலாம்."

நல்ல குடும்பம் போங்கள்! அம்மாவும் மகனும் ஆளுக்கொரு பக்கம் அந்த மஞ்சள் நாடாவின் பின்னால் ஒளிந்திருந்தோம்.

"இப்ப என்ன பண்ணலாம்ங்கறே?"

டம்ளரைக் கீழே வைத்தான். "நாளைக்கே அப்ளை பண்ணிடறேன்மா. எடுத்தா போறேன், எடுக்காட்டி ஆபீஸ் போறேன். பயந்துக்கிட்டுப் போகாம இருந்தேன்னு மட்டும் இருக்கக் கூடாது."

வேண்டாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. நூல் வெட்டுகிற டிரிம்மர் எப்போதும் என் பையில் இருக்கும். அதை எடுத்து டேப்பை நாலு துண்டாக வெட்டினேன். அழுகையும் வந்தது, டீயும் ஆறிப்போனது.

மாலை 5.15. திருப்பூர். போகும்போது என்ன இருந்ததோ அதேதான் இருந்தது: அதே போர்டுகள், அதே நெரிசல். பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தையல் சாமான் கடையில் புது டேப் ஒன்று வாங்கினேன், 20 ரூபாய். கடையில் துணி அளக்கும் இரும்பு மீட்டர் இருந்தது. அதன்மேல் புது டேப்பை விரித்துப் பார்த்தேன். கடைக்காரத் தம்பிக்கு முகம் சுருங்கியது.

"ஏனுங்கக்கா, புது டேப்பு மேலயுமா சந்தேகம்?"

"டேப்பு மேல இல்லீங்க தம்பி. எம்மேலதான்."

சரியாக இருந்தது. பிரவீணை அங்கேயே நிறுத்தி மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டேன். முருங்கைக்காய்க் கட்டைக் கடைக்காரத் தம்பி பிடித்துக்கொண்டார். "மூச்ச இழு கண்ணு. இன்னும் இழு." மூச்சை இழுத்து அடக்கினால் மார்பு ஐந்து சென்டிமீட்டர் விரிய வேண்டும் என்பது விதி. இரண்டு தடவை பார்த்தேன்.

"எவ்வளவும்மா?"

"நாலுதான் விரியுது. இன்னும் ஒண்ணு கொறையுது. காலைல அஞ்சு மணிக்கு எழுப்பி உடறேன், ஓடு."