சிவசாமியின் கடைசி நாள் இரத்தம்

யாரைத் திட்டுவதென்றே நிஹ்லாவுக்குத் தெரியவில்லை. அதுதான் பெரிய வயிற்றெரிச்சல்.

சத்திரசிகிச்சைக் கூடத்தில் நோயாளியை மயக்கும் வாயு கொஞ்சம் வெளியிலும் கசியும். அங்கே வேலை செய்பவர்கள் அதை வருடக்கணக்காகச் சுவாசிக்கிறார்கள். அது கொழுப்பில் கரையும் வாயு. சிவப்பணுவைச் சுற்றியிருக்கும் சவ்விலோ கொழுப்பு நிறைய. அந்தச் சவ்வு நைந்துபோகிறதா என்பதுதான் நிஹ்லாவின் ஆராய்ச்சி. அணுக்களை நீர்த்த உப்புத் தண்ணீரில் போட்டால் ஊதும். நல்ல சவ்வு தாங்கும், நைந்தது சீக்கிரம் வெடிக்கும்.

மாத்தளைப் பக்கத்து ஆஸ்பத்திரியொன்றில் ஆபரேஷன் தியேட்டர் சிற்றூழியரான சிவசாமி அவளுக்குத் தங்கமாய்க் கிடைத்தார். பென்ஷன் போகும் நாளில் ஒரு குழாய் இரத்தம், வெளிக்காற்றில் சில மாதம் இருந்தபின் இன்னொன்று. ஒப்பிட்டால் போதும்.

"சும்மாவே களைப்பா இருக்குங்க மிஸ். அந்தக் காத்தாலயா, வயசாலயான்னு யாராவது சொன்னா நல்லாயிருக்கும்" என்று கையை நீட்டினார்.

இரத்தம் எடுத்து முடிய மாலையாகிவிட்டது. மறுநாள் ஹஜ் பெருநாள். ஆராய்ச்சி லெப் பூட்டியிருக்கும். குழாயை வீட்டு ப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தாள். பெருநாளன்று அறுத்துப் பங்கிட்ட குர்பான் இறைச்சி பைபையாக வந்து குவிந்தது. அடுத்த நாள் காலை குழாயைக் காணோம். மாமி நூருன்னிஸா ப்ரீஸரைக் காட்டினார். இறைச்சிக்கு நடுவில் கல்லாய்க் கிடந்தது.

"ரத்தம் நஜீஸ்தானே புள்ள, அசுத்தத்த தின்னுற வட்டிலப்பத்துக்குப் பக்கத்துல வெக்கேலுமா? பச்ச இறைச்சியோட வெச்சா கெடாதுன்னு பாத்துத்தான் வெச்சேன்."

பார்த்துத்தான் வைத்திருந்தார், பொலித்தீன் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு. அந்தக் கவனத்தைக் கண்டதும் நிஹ்லாவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. ஐஸாய் உறைந்தால் நல்ல அணு, நைந்த அணு எல்லாமே உடைந்துவிடும். இளகியபோது மிஞ்சியது சர்பத் மாதிரிச் சிவப்புத் தண்ணீர்.

சிவசாமிக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னாள்.

"இன்னொருக்கா எடுங்களேன் மிஸ்."

"வேலைய விட்டதும் அந்த வாயு உடம்ப விட்டுப் போயிரும் அண்ணே. இப்ப எடுத்துப் பிரயோசனமில்ல."



"அப்ப ஒரு நாளைக்கு நான் உள்ள போய் நிக்கவாங்க? பழைய ஆளுதானே, விடுவாங்க."

"ஐயோ, வேணாம் அண்ணே!"

"அப்ப இந்தக் களைப்பு எதாலன்னு தெரியாமலே போயிருமாங்க?"