ரயில்வே கேட்டைத் தாண்டி ஓடிய ஓட்டம்

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பனவடலிசத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் டீச்சர் வேலை. வீடு சங்கரன்கோவிலில். காலையில் ஏழே முக்கால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்குத்தான். அதனால் வாரத்தில் நாலு நாளாவது ஒரு கையில் தூக்குச்சட்டியும் மறு கையில் சேலைக் கொசுவமுமாக பஸ் ஸ்டாண்டுக்குள் ஓடுவேன். எங்கள் தலைமையாசிரியரும் அதே பஸ்தான். எனக்கு முன்னாலேயே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து என் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் சொன்னார்.

"டீச்சர், இளைஞர் மன்றத்துல இந்த வருஷம் பொம்பளைகளுக்கும் ரோட்டு ஓட்டப் பந்தயம் வைக்காங்களாம். நீங்க பேரு குடுத்தா கப்பு உங்களுக்குத்தான்."

கேலிக்குத்தான் சொன்னார். அன்று சாயங்காலமே நான் போய்ப் பெயர் கொடுத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை ஓடியிருக்கிறேன். பிறகு ஓட்டம் என்றால் பஸ்ஸுக்குத்தான். வீட்டில் போய்ச் சொன்னேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏட்டி, உனக்கு என்ன கிறுக்கா? அடுத்த மாசம் பொண்ணு பாக்க வாராங்க. ரோட்டுல ஓடுனா என்ன நினைப்பாங்க?"

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "ஓடிட்டு வரட்டும். இவ்வளவு நாளும் நடந்துதான போனா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கொத்திக்கிட்டா போயிட்டாங்க?"

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. நாங்கள் ஆறு பேர். தையல் பள்ளியில் படிக்கும் நான்கு பெண்கள் ஒரே கூட்டமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது ஆள் ஆஸ்பத்திரி நர்ஸ். சிவகிரிக்காரி, முப்பது வயதிருக்கும், நல்ல உயரம். ஜடையை மடித்துக் கட்டிக்கொண்டு யாரோடும் பேசாமல் நின்றாள். ஆறாவது நான். பாவாடைக்கு மேலே அண்ணனின் பழைய வெள்ளைச் சட்டை. காலில் ட்ரில் டீச்சரிடம் இரவல் வாங்கிய கான்வாஸ் ஷூ. ஒரு சைஸ் பெரிது. நுனியில் துணி அடைத்திருந்தேன்.

மன்றத்துச் செயலாளர் சைக்கிள் கடை வைத்திருப்பவர். விதிகளைச் சொன்னார். மைதானத்து வாசலிலிருந்து மேற்கே புளியங்குடி ரோட்டில் ரயில்வே கேட் வரை ஓட வேண்டும். கேட்டில் மன்றத்து ஆள் ஒருவர் சிவப்புக் கொடியோடு நிற்பார். அவர் மணிக்கட்டில் சிவப்பு ரிப்பன் கட்டிவிடுவார். அதோடு திரும்பி வந்து இங்கே கட்டியிருக்கும் கயிற்றைத் தொட வேண்டும். மொத்தம் மூன்று கிலோமீட்டர்.

"ரிப்பன் இல்லாம வந்தா ஓடுனதாவே சேர்த்தி இல்ல. தெரிஞ்சுக்கிடுங்க," என்றார்.

அவர் பேசி முடிப்பதற்குள் மேற்கே மலை மேகத்துக்குள் காணாமல் போயிருந்தது. செயலாளர் வானத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு அவசரமாக விசிலை ஊதினார்.

தையல் பள்ளிப் பெண்கள் நான்கு பேரும் பாய்ந்து முன்னால் போனார்கள். நான் ஐந்தாவது. நர்ஸ் எனக்குப் பின்னால். ஊரின் கடைசி வீடுகளை நெருங்கும்போது மழை இறங்கியது. தூறல், சாரல் என்றெல்லாம் முன்னறிவிப்பு இல்லை. மொத்தமாகக் கொட்டியது. கண்ணைத் திறந்தால் தண்ணீர், வாயைத் திறந்தால் தண்ணீர். பாவாடை இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிப் போட்டதுபோல ஒட்டிக்கொண்டது. அதைத் தூக்கி இடுப்பில் செருகினேன். ஷூவுக்குள் தண்ணீர் புகுந்து ஒவ்வொரு அடிக்கும் தவளை கத்துவதுபோலச் சத்தம் வந்தது. கொஞ்ச தூரத்தில் இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

முன்னால் ஓடியவர்களைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தேன். பின்னாலும் யாரும் தெரியவில்லை. பத்தடிக்கு அப்பால் எல்லாமே வெள்ளைத் திரையாக இருந்தது.

ரயில்வே கேட் வந்தது. திறந்திருந்தது. கொடி இல்லை, ஆள் இல்லை. கேட்டுக்காரரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. நின்று யோசித்தேன். மழையில் நின்றுகொண்டு யோசிப்பது நல்ல யோசனையாக இருக்காது என்று இப்போது தெரிகிறது. அப்போது என் கணக்கு இப்படி ஓடியது. எனக்கு முன்னால் நான்கு பேர் போனார்கள். இங்கே திரும்பியிருந்தால் அவர்கள் எனக்கு எதிரே வந்திருக்க வேண்டும். ஒருவரும் எதிரே வரவில்லை. அப்படியென்றால் திரும்புகிற இடம் இது இல்லை. மழையைப் பார்த்து வேறு எங்கோ தள்ளி வைத்திருக்கிறார்கள்.

இதில் தப்பு எங்கே என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை. தண்டவாளத்தைத் தாண்டி ஓடினேன்.

கேட்டுக்கு அப்பால் வீடுகள் கிடையாது. இரண்டு பக்கமும் புளியமரங்கள், அவற்றுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கட்டி நிற்கும் வயல்காடு. கொஞ்ச தூரம் போனதும் பின்னால் ஏதோ கத்தல் கேட்டது. திரும்பினேன். வெள்ளையாக ஒரு உருவம் கையை வீசிக்கொண்டு வந்தது. நர்ஸ். என்னை முந்தப் போகிறாள். கடைசி ஆளாகத் திரும்புவதற்கு எனக்கு மனமில்லை. இருந்த தெம்பையெல்லாம் சேர்த்து இன்னும் வேகமாக ஓடினேன். கத்தல் பெரிதானது. நானும் வேகத்தைக் கூட்டினேன். ஓட்டப் பந்தயத்தில் இந்த அம்மா எதற்கு இப்படிக் கத்துகிறாள், மூச்சு வாங்காதா என்று ஒரு பக்கம் குழப்பமாகவும் இருந்தது.

எதிரே மஞ்சளாக இரண்டு விளக்குகள். புளியங்குடியிலிருந்து வரும் பஸ். என் பக்கத்தில் வந்து நின்றது. கண்டக்டர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு படியில் நின்று எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, எங்க ஓடுதிய? எதும் தகராறா? பின்னால அந்தம்மா வெரட்டிக்கிட்டு வருது."

"பந்தயம்," என்றேன்.

"புளியங்குடி வரைக்குமா?"

"முன்னால நாலு பேரு ஓடினாங்களே, பாத்தியளா?"

"ரோட்டுல ஒரு ஈ காக்கா கிடையாது. அங்கன தரைப்பாலத்துல முழங்காலுக்கு மேல தண்ணி ஓடுது. எங்க பஸ்ஸே தட்டுத் தடுமாறித்தான் வந்திருக்கு. நீங்க எங்க போறிய?"

பஸ் ஜன்னல்களில் வரிசையாக முகங்கள் என்னைப் பார்த்தன. இடுப்பில் செருகிய பாவாடையை அவசரமாக இறக்கிவிட்டேன். அதற்குள் நர்ஸ் வந்து சேர்ந்தாள். இரண்டு முழங்காலிலும் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவள் மணிக்கட்டில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

"டீச்சர், காது கேக்காதா உங்களுக்கு? கேட்டோட திரும்பணும்லா. கூப்பிடக் கூப்பிட ஓடுதிய."

"கேட்டுல ஆளே இல்லையே."

"மழைக்கு ரூமுக்குள்ள நின்னுருக்கான். நீங்க தாண்டிப் போனப்புறம் கத்தியிருக்கான். எனக்குக் கட்டும்போது சொன்னான், ஒரு டீச்சர் நேரா போயிட்டுன்னு."

கண்டக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஏறுங்க ரெண்டு பேரும். கேட்டுல இறக்கி விடுதேன்," என்றார். எனக்கு ஏறிவிடலாம் என்று தோன்றியது. நர்ஸ், "பஸ்ல போகுறதுக்கு பந்தயம் எதுக்கு அண்ணாச்சி? நீங்க போங்க," என்றாள். பஸ் போய்விட்டது.

இருவரும் மெதுவாகத் திரும்பி ஓடினோம். ரயிலுக்காகக் கேட் மூடியிருந்தது. கேட்டுக்காரர் சாக்கை மழைக்குத் தலையிலிருந்து முதுகு வரை கொங்காணியாகப் போட்டுக்கொண்டு பச்சைக்கொடியோடு நின்றார்.

"ரிப்பன் கட்டுறவர் எங்க?" என்று கேட்டேன்.

"உங்க ஆளு இப்பதான் அந்த பஸ்ஸை நிறுத்தி ஏறிப் போனான். எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு சொன்னான்."

எது முடிந்தது, யார் சொல்லி முடிந்தது என்று ஒன்றும் விளங்கவில்லை. நர்ஸ் தன் ரிப்பனை அவிழ்த்தாள். பல்லால் கடித்து இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை என் கையில் கட்டினாள். நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். வகுப்பில் ஒருத்தன் இன்னொருத்தன் சிலேட்டைப் பார்த்து எழுதினால் காதைத் திருகுகிறவள் நான். இது சரியா தப்பா என்று கேட்காமலே முடிச்சை இறுக்கிக்கொண்டேன்.

"நீங்க ரிப்பன் வாங்கிட்டுத் திரும்பியிருந்தா செயிச்சிருப்பியளே சிஸ்டர்," என்றேன்.

"தரைப்பாலத்துல தண்ணி வந்திரும்னு கேட்டுக்காரர் சொன்னாரு. நீங்க பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கிய. வேற என்ன செய்யச் சொல்லுதிய?"

ரயில் வந்து, நனைந்த பெட்டிகளாக ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போயிற்று. கேட் ஏறத் தொடங்கியதும் அவள் சொன்னாள்.

"இதுக்கு முன்னாடி ஓடுனது சேர்த்தி இல்ல டீச்சர். இங்கன இருந்து ஓடுவோம். விட்டுக்குடுக்கக் கூடாது."

ஓடினோம். அந்த ஒன்றரைக் கிலோமீட்டர் போல நான் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. முதலில் அவள் முன்னால், பிறகு நான், பிறகு இரண்டு பேரும் தோளோடு தோள். மைதானத்துத் திருப்பத்தில் நான் இரண்டடி முன்னால் இருந்தேன் என்று நினைக்கிறேன். வாசலில் கயிற்றைத் தேடினோம். ஒரு முனை அவிழ்ந்து சேற்றுக்குள் கிடந்தது. அதைத் தாண்டி ஓடி, தாண்டியது தெரிந்து, திரும்பி வந்து இருவரும் குனிந்து தொட்டோம்.

சுற்றிலும் யாரும் இல்லை. எதிர்த்த டீக்கடையில் எல்லோரும் இருந்தார்கள். செயலாளர் டீ கிளாசோடு எழுந்து வந்தார்.

"என்னம்மா இப்ப வாறிய? பந்தயத்தை ரத்து பண்ணி அரை மணி நேரமாச்சு. மைக்ல சொன்னோமே."

தையல் பள்ளிப் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, "டீச்சர், நாங்க கடைசி வீட்டுச் சாய்ப்புல ஒதுங்கிட்டோம். உங்களைக் கூப்பிட்டோம், நீங்க திரும்பியே பாக்கல," என்றாள். அப்போதுதான் என் கணக்கில் தப்பு எங்கே என்று தெரிந்தது. கேட்டுக்குப் போவதற்கு முன்பே நான் முதல் ஆளாகிவிட்டிருக்கிறேன்.

"ரத்தெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நாங்க ஓடி முடிச்சிட்டோம். டீச்சர்தான் முதல்," என்றாள் நர்ஸ்.

"இல்ல, சிஸ்டர்தான் முதல்ல தொட்டாங்க," என்றேன். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

ரிப்பன் கட்டும் ஆள் டீக்கடை மூலையிலிருந்து, "இந்த டீச்சருக்கு நான் ரிப்பனே கட்டலியே," என்றார். செயலாளர் என் கையைப் பார்த்தார். அவள் கையையும் பார்த்தார்.

"ரிப்பன் எப்படிப் பாதி பாதியா இருக்கு?"

நர்ஸ் கண்ணிமைக்காமல், "மழையில கிழிஞ்சு போச்சு," என்றாள். நான், "அவங்க கிழிச்சுக் குடுத்தாங்க," என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்ப ரூல்படி சிஸ்டர்தான் முதல்," என்றார் செயலாளர்.

"நான் கேட்டைத் தாண்டிப் போனவ. அது மட்டும் ரூல்ல இருக்கா?" என்றாள் அவள்.

செயலாளர் கையிலிருந்த டீயை ஒரே மடக்கில் குடித்து முடித்தார். பிறகு, "ரத்தான பந்தயத்துல யாரு முதல்னா என்ன? ரெண்டு பேரும் டீயைக் குடிங்க," என்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் ஊரில் வேறு கதை வந்திருந்தது. புளியங்குடி ரோட்டில் மருமகள் ஒருத்தி வீட்டை விட்டு ஓடியதாகவும் மாமியார் மழையில் விரட்டிக்கொண்டு போனதாகவும் பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்களாம். அப்பா கடைத்தெருவில் கேட்டுவிட்டு வந்து சொன்னார். அம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மாமியார் ஆகிவிட்ட நர்ஸுக்கு முப்பது வயதுதான் என்று நான் சொல்லியும் அம்மா சமாதானமாகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் இதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த இடத்திலேயே எனக்குக் கல்யாணம் முடிவானது.

மன்றத்து ஆண்டுவிழாவில் என்னையும் நர்ஸையும் மேடைக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். சான்றிதழில் 'கலந்துகொண்டார்' என்று மட்டும் இருந்தது. அவளுடையதை என்னிடமும் என்னுடையதை அவளிடமும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். மேடைக்குக் கீழே வந்து சரிசெய்துகொண்டோம். அடுத்த வருஷம் அவளுக்கு மாற்றலாகிவிட்டது.

யார் முதல் என்பது இப்போது என்னை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. வேறொன்றுதான் செய்கிறது. ரிப்பன் என் கையில் கட்டியிருந்து, அவள் கேட்டைத் தாண்டிப் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? கல்யாணமான புதிதில் இந்தக் கதையைச் சொன்னபோது என் கணவரும் இதையே கேட்டார். "அவளைத் தேடிப் போயிருப்பேன்" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் ஓடி வந்து செயலாளரிடம், ஒருத்தி நேரே போய்விட்டாள், யாரையாவது சைக்கிளில் அனுப்புங்கள் என்று சொல்லியிருப்பேனோ என்று தோன்றியது. அதுவும் கயிற்றைத் தொட்ட பிறகு. தெரியவில்லை என்று சொன்னேன். அவர் நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துச் சிரித்தார்.