சந்தனம் என்று எழுதிய பெட்டி

"நேத்து பூண்டு போட்ட கியோசா கொழுக்கட்டை தின்னியா? வாயைத் திறக்காதே, கழுத்துலயே தெரியுது. போ, மத்தியானம் வரைக்கும் பெட்டி ஒட்டு!"

காலை ஏழு ஐம்பதுக்குப் பட்டறை வாசலில் நின்று, வருகிறவர் ஒவ்வொருவரையும் மோந்து பார்த்துத்தான் கலவை அறைக்குள் விடுவாள் சிஹோ. என் தங்கை. ஜப்பானின் இந்த அவாஜி தீவில் ஊதுபத்திக் கலவை செய்கிறவர்களில் அவள் மூக்குக்கு ஈடு கிடையாது. அண்ணன் பாசம் என்பார்கள். சொல்லட்டும். அதே பட்டறையின் உலர்த்தும் கூடத்தில், கடல்காற்றுக்குத் தகுந்தபடி ஜன்னல் பலகைகளைத் திறந்து மூடுகிறவன் நான். பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருடமாக அவள் வாசனைச் சோப்பைத் தொட்டதில்லை. மதியம் உப்பு மட்டும் போட்ட சோற்றுருண்டை இரண்டு, வெந்நீர் ஒரு குவளை. கலவையில் ஒரு சிட்டிகை கிள்ளி, கரித்துண்டு புதைத்த சூட்டுச் சாம்பலின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். முகர்கிறாள் என்று சொல்லிவிடக் கூடாது. "கழுத்தைத்தான் முகருவேன். கட்டையைக் கேப்பேன்" என்பாள். நல்ல வாசனையைக் கேட்பதுதான் எங்கள் வழக்கம். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன் இந்தத் தீவில் கரை ஒதுங்கிய அகில் கட்டையை யாரோ விறகென்று அடுப்பில் வைக்க, ஊரே மணத்த நாளிலிருந்து வருகிற வழக்கம் என்பார்கள்.

புதுசு என்றால் முகம் சுளிக்கிறவள் என்று நினைக்க வேண்டாம். டோக்கியோவில் ஒற்றை அறையில் குடியிருக்கும் பிள்ளைகள் குளித்துவிட்டு வந்து ஏற்றிக்கொள்ள, எலுமிச்சை மணத்தில் விரல் நீளப் பத்தி செய்தவள் அவள்தான். காபிப் பத்தியும் அவளுடையதே. இறந்துபோன கணவருக்குக் காபிதான் உயிர் என்று ஒரு பெண் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு, பதினேழு தடவை கலந்து பார்த்தாள். "காபின்னு எழுதினா காபி மணக்கணும். சந்தனம்னு எழுதினா சந்தனம் இருக்கணும். இதுக்கு மேல என்ன இருக்கு இந்தத் தொழில்ல?"

போன மாதம் அவள் மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒன்பது நாளில், முதலாளி குனிமோதோ சந்தனத் தூளை நிறுத்திவிட்டுச் செயற்கைத் தைலத்தை ஊற்றிக் கலக்க வைத்தார். பெட்டி அதே, எழுத்தும் அதே. உலர்த்தியவன் நான். நிறம் சரியில்லை என்று இரண்டு தடவை சொன்னேன். காதில் வாங்கவில்லை. ஆனால் கலவைச் சீட்டில் சிஹோவின் சிவப்பு முத்திரை விழாமல் ஒரு பெட்டிகூட வெளியே போக முடியாது.

சிஹோ திரும்பி வந்த அன்றே குனிமோதோ சீட்டை நீட்டினார்.

"குத்துங்க சிஹோக்கா. யாருக்கு வித்தியாசம் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுது."

"நீங்களா வாங்கி ஏத்துறீங்க?"

கழுத்துவரை சிவந்துவிட்டாள். "செத்தவங்க படத்துக்கு முன்னால ஏத்துறது, முதலாளி. அவங்க எந்திரிச்சு வந்து கேக்க மாட்டாங்கங்கிற தைரியம்தானே உங்களுக்கு?"

"அதிகமா பேசாதீங்க. குத்த முடியலைன்னா நாளையிலேருந்து வர வேண்டாம்."

முப்பத்தொரு வருடம் உழைத்தவளிடம் சொன்ன வார்த்தை! சிஹோ இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியின் பையிலிருந்து முத்திரையை எடுத்தாள்.

"சரி, குத்துறேன். அதுக்கு முன்னாடி இந்தப் புதுப் பத்தியில ஒண்ணை உங்கப்பாவுக்கு ஏத்துங்க."

அலுவலக அறையின் மாடத்தில் பெரிய முதலாளியின் படம் இருக்கிறது. தினமும் காலையில் மகன்தான் பத்தி ஏற்றுவார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். குனிமோதோ எரிச்சலோடு மண்டியிட்டார். மெழுகுவத்தியைக் கொளுத்தினார். அவர் முழங்கால் அருகே புதுப் பத்தியை வைத்தாள் சிஹோ. அப்பாவின் படத்தை நிமிர்ந்து பார்த்தவரின் கை, புதுப் பத்தியைத் தாண்டி, மாடத்தில் எப்போதும் இருக்கும், அசல் சந்தனப் பத்தி உள்ள பழைய பெட்டியை நோக்கித் தானாகப் போனது.

சிஹோ ஒரு கையில் முத்திரையைத் தயாராகப் பிடித்தபடி, மறு கையின் ஒற்றை விரலால் அந்தப் பழைய பெட்டியை அவருக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்தாள்.