குடும்ப வரைபடத்தில் ஒரு கட்டம்

முதலில் என் வாயைத்தான் முகர்ந்து பார்த்தார்கள். அரவேணுவுக்குக் கீழே உள்ள தேயிலை ஃபேக்டரியில், கொழுந்து வாட்டும் மாடியிலிருந்து இறங்கும்போது மூன்றாம் முறையாகத் தடுமாறினேன். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து, "ஊதுங்க பார்க்கலாம்" என்றார். ஊதினேன். காலையில் குடித்த டீயின் வாசம்தான் வந்திருக்கும். "அப்புறம் ஏனுங்க இப்படி நடக்கறீங்க?" என்றார். தெரியவில்லை என்று சொன்னேன்.

தெரியாமல் என்ன? அப்பாவும் நாற்பதைத் தாண்டியதும் இப்படித்தான் நடந்தார். சாராயத்தைத் தொட்டே பார்க்காத மனிதர், குடிகாரன் என்ற பெயரோடு செத்தார். அப்படிப் பேசியவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

கோயம்புத்தூரில் ஸ்கேன் எடுத்தார்கள். சிறுமூளை (உடம்பைத் தள்ளாடாமல் பிடித்து நிறுத்தும் பகுதி) சுருங்கிக்கொண்டிருந்தது. பிறகு மரபணு வரிசையை வாசிக்க (பிறவியிலேயே உடம்பில் எழுதியிருப்பதை எழுத்தெழுத்தாகப் படிக்க) இரத்தம் அனுப்பினார்கள். ஓர் எழுத்து பிசகியிருந்தது. பெற்றவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. நல்லவேளை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். என் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

"அந்த எழுத்த வெட்டித் திருத்தறாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்களே?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"அது சில இரத்த நோய்களுக்குங்க. இந்த நோய்க்கு இன்னும் வரலை. கருவுலயே திருத்திப் பெத்துக்கறதுக்கு நம்ம நாட்டுல அனுமதியே இல்லைங்க."

மரபணு ஆலோசகர் (பரிசோதனை முடிவைக் குடும்பத்துக்கு விளக்குபவர்) ஓர் இளம்பெண். பொறுமையாகப் பேசினார். "உங்க தம்பியை நாங்களா கூப்பிட மாட்டோங்க. தெரிஞ்சுக்காம இருக்கறதும் அவரோட உரிமை." அன்று அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது.

ஒரே வீட்டில் எங்களோடு இருக்கும் தம்பி யோகராஜ் ஜீப் ஓட்டுகிறான். பரிசோதனைக்கு வரவே மாட்டேன் என்றான். ஆனால் தினமும் காலையில் ரோட்டின் வெள்ளைக்கோட்டின் மேல் நடந்து பார்த்தான். ஜீப்பை விற்க ஆள் தேடினான். ஜெகதளாவிலிருந்து தன் மகளைப் பெண் கேட்டு வந்தவர்களை, "இப்ப வேண்டாங்க" என்று திருப்பி அனுப்பினான். அந்தப் பெண் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆலோசகர் குடும்ப வரைபடம் கேட்டார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோயாளிக்குக் கறுப்பு. சிலோனிலிருந்து வந்தபோது கொடுத்த குடும்ப அட்டையைப் பார்த்து நிரப்பினேன். அப்பா, அம்மா, மூன்று வயது நான், கைக்குழந்தையாகத் தம்பி. அவன் கட்டத்தில் கேள்விக்குறி போட்டு, அது என்னவென்று அம்மாவுக்குச் சொன்னேன்.

"அத அழிச்சிரு. அவனுக்கு இந்த வருத்தம் வராது" என்றாள். சிலோன்காரர்களுக்கு நோய் என்றால் வருத்தம்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அவன் பக்கத்துக் காம்பராக்காரவுக புள்ள. ஆத்தாளும் அப்பனும் அடுத்தடுத்துப் போயிட்டாக. உங்கப்பா நம்ம புள்ளைன்னு பாஸ்போட்டுல எழுதிட்டாரு. பச்சப்புள்ளைய லயத்துலயே போட்டுட்டு வரச் சொல்றியா?"

லயம் என்பது தோட்டத்து வரிசை வீடு, காம்பரா அதில் ஓர் அறை. கப்பலேறிய காலத்தில் அக்கா மகனை மகன் என்றும், அண்டை வீட்டுப் பிள்ளையைத் தன் பிள்ளை என்றும் எழுதியவர்கள் பலர். காகிதத்தில் பேர் இருந்தால்தான் கூட வரமுடியும். இறங்கிய பிறகு யாரும் போய்த் திருத்தவில்லை. நானும் அந்தக் காகிதத்தை நம்பி இரத்தக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவங்கிட்ட சொல்லிறாதய்யா. எனக்கு எளைய மகன்தான் கொள்ளி வைக்கணும்." தலையாட்டிவிட்டேன்.

ஆலோசகரிடம் மட்டும் சொன்னேன். "அவரே வந்து பரிசோதனை செஞ்சா, உங்களுக்கு இல்லைன்னு மட்டும் சொல்லுவோம். ஏன் இல்லைன்னு சொல்ல மாட்டோங்க" என்றார். அந்த ஒரு வாசல்தான் திறந்திருந்தது. அவனை அதன் வழியாக அனுப்பிவிட்டால் பயமும் போகும், அப்பாவும் அவனுக்கு அப்பாவாகவே மிஞ்சுவார். "வாடா, ஒரு தடவை பார்த்துரலாம்" என்று நச்சரித்தேன். எதற்கு இவ்வளவு தைரியமாக இழுக்கிறேன் என்று அவனிடம் சொல்ல வழியில்லை.

என்னைப் போன்ற நோயாளிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்; உங்களிடம் ஒன்றை மறைக்கப்போவதில்லை. சில நாள் நான் வாய் திறக்காமல் இருந்தது அம்மாவுக்காக அல்ல. வெள்ளைக்கோட்டில் அவனும் பயந்து நடப்பதைப் பார்க்க எனக்கு ஆறுதலாக இருந்தது. இந்த நோயில் நான் தனியாள் என்று வீட்டில் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அந்தத் தனிமை பொறுக்கவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் ஜீப்புக்கு ஆள் அமைந்துவிட்டது. வாசற்படியில் உட்கார்ந்து சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கடைசியாகக் கேட்டேன்.

"விடுண்ணே" என்றான். "நீ அப்பா ஜாடை. ஊரே சொல்லும். எனக்குன்னு அவருகிட்டருந்து வந்தது வேற என்ன இருக்கு? வந்தா இதாவது வரட்டும்."

நானும் படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

காலுக்குப் பிறகு நாக்கு என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். பேச்சு குழறும், பிறகு அடுத்தவருக்குப் புரியாது. இப்போது என் நாட்களை எண்ணுவது அதை வைத்துத்தான். எழுந்ததும் காலை ஊன்றுவதற்கு முன் நாக்கைச் சோதிக்கிறேன். தம்பியின் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன். இன்றைக்கும் தெளிவாகத்தான் வந்தது. அடுத்த அறையிலிருந்து, "என்னண்ணே, கூப்பிட்டியா?" என்று கேட்டான்.