அலைத் தொட்டியும் எண்ணெய்த் தலையும்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி உண்டு. நீளம் ஒரு பேருந்தை விட அதிகம், அகலமோ ஒரு முழம்தான். ஒரு முனையில் மோட்டாரில் ஆடும் பலகை, தண்ணீரைத் தள்ளி அலை எழுப்பும். அந்த அலை மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் எவ்வளவு ஆற்றலை இழக்கிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. சின்ன அலை சொன்ன பேச்சு கேட்கும். கொஞ்சம் உயர்த்திவிட்டால் போச்சு! முகடு கூர்ந்துவிடும், பள்ளம் பரந்துவிடும், இரண்டு மடங்கு தள்ளினால் இரண்டு மடங்கு வரும் என்ற நியாயமெல்லாம் அதனிடம் செல்லாது. அந்த அடங்காப்பிடாரிகள்தான் எனக்கு வேண்டியவை.

அவற்றில் ஒரு விசேஷம் கண்டேன். கணக்கு சொல்வதைவிட அதிகமாக அவை ஆற்றலை இழந்துகொண்டிருந்தன, அதுவும் மாதக்கணக்காக. எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டமே இதில்தான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "எனக்க அலை புத்தகத்துல உள்ளதவிட சீக்கிரம் ஓயுது" என்றேன். பாதிதான் அவளுக்குப் புரிந்தது. மீதியை அவளே சேர்த்துக்கொண்டு, "எனக்க மவ தண்ணியில ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கா" என்று எங்கள் ஊர் கொட்டாரத்தின் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். கடவுளுக்கு நன்றி சொல்லிச் சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கவும் ஏற்பாடு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் அதை வாசிப்பார், நாங்கள் எழுந்து நிற்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை என் வழிகாட்டி மேடம் அந்த விசேஷத்தைப் பார்க்க வந்தார். தொட்டியின் மேல் குனிந்தவர், மூக்கைச் சுருக்கினார்.

"ஏம்மா, இங்க தேங்காண்ணெ மணக்குது?"

அந்த நேரம் பார்த்து நான் ஜடை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றேன். யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழக்கம். அதே விரல்களால்தான் தினமும் காலையில், அலையின் உயரத்தை அளக்கத் தண்ணீருக்குள் இறக்கும் கம்பிகளைச் சரிசெய்வேன். மேடம் என் விரலைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் கம்பியைத் தொடாதே என்று சேர்ந்த முதல் நாளே சொன்னவர் அவர்.

தண்ணீரை இறக்கி, தொட்டியைக் கழுவி, மறுபடி நிரப்பி அதே அலையை ஓட்டினோம். அந்தச் சவம் இப்போது புத்தகத்தில் உள்ளபடியே போய்ச் சேர்ந்தது! எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆடையாகத் தண்ணீர் மேல் பரவி, அலையின் ஆற்றலைத் தின்றிருக்கிறது. என் கண்டுபிடிப்பு என் தலையிலிருந்து இறங்கிய எண்ணெய். இளநிலை மாணவி ஒருத்தி, "அக்கா, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா அப்பளம் பொரிச்சிருக்கலாம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், மேடமும்தான். நானும் சிரித்துவைத்தேன். காது மடல் எரிந்தது.

அந்த எரிச்சலையெல்லாம் வீட்டுக்குச் சுமந்துவந்து அம்மாவின் மேல் கொட்டினேன். தினமும் காலையில் என் தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவது அவள்தானே.

"இப்பிடி வடிய வடியத் தேய்க்காதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன்? அந்த எண்ணெ முழுக்கத் தொட்டியில எறங்கிக் கெடக்கு. நீங்கதான் எனக்க படிப்பக் கெடுத்திய!"

"நானா மக்கா?" என்றாள். கை கழுவாத கதையை நான் சொல்லவில்லை. கதவை அடைத்துக்கொண்டு படுத்துவிட்டேன். சனிக்கிழமை முழுக்க அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மாலையில் போதகர் வீடு வரை போய்வந்தாள். காணிக்கையை நிறுத்தப் போயிருப்பாள் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரம் வந்தது. ஸ்தோத்திரங்களில் எங்கள் குடும்பம் வரவில்லை. அப்பாடா என்று இருந்தேன். அடுத்து ஜெப விண்ணப்பங்கள். போதகர் நிதானமாக வாசித்தார்: "தாயார் அறியாமல் செய்த பிழையினால் தடைப்பட்டிருக்கும் மகளின் ஆராய்ச்சிக்காக, ஒரு குடும்பத்தினர் ஜெபிக்கக் கேட்டுக்கொள்கிறார்கள்."

என் பக்கத்தில் அம்மா எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டு, குனிந்து நின்றாள். சபை மொத்தமும் அவளைப் பார்த்தது. எழுந்திரு, எழுந்திரு என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டே நான் பெஞ்சில் ஒட்டிக்கொண்டு இருந்தேன்.

ஜெபம் முடிந்து அவள் உட்கார்ந்ததும், பின் வரிசை அத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் தலையை நீட்டி அம்மாவிடம் கேட்டாள்.

"என்னட்டி செஞ்ச?"

"எண்ணெ கூடிப்போச்சு மைனி."

"கறியிலயா? பிள்ளைக்கி வயித்துக்கு ஒத்துக்கலியோ?"

அம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"ஓ, ஆமா," என்றாள்.

மண்ணுக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.